ஒரு சாண் துரு

ரால்ஃப் சார்ல்டனை எனக்குப் பிடிக்காது என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் எங்கள் சுரங்க ஊரான ஸ்கெல்பியில் ஒருத்தன் என்னை மனிதனாக மதிக்கமாட்டான். அவனைப் பிடிக்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. தெருநாய்கூட அவனைக் கண்டால் வாலாட்டும். என் வீட்டு நாயும்தான்.

இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒரே வருஷம் பிறந்தோம். ஒரே திங்கட்கிழமை சுரங்கத்தில் சேர்ந்தோம். அவன் கடைசிவரை அடியில், கடலுக்குக் கீழே நாலு மைல் தள்ளிக் கரி வெட்டினான். எனக்கு முப்பது வயதில் கூரைக்கல் விழுந்து முழங்கால் நொறுங்கியது. மேலே அனுப்பி, பெல்ட்டின் கடல்முனையில் நிறுத்தினார்கள். கரியைப் பிரித்தபின் மிஞ்சுகிற கல்லும் சேறும் பெல்ட்டில் ஏறி, கரைமேட்டைத் தாண்டி, கடற்கரையின் தலைக்கு மேலே வந்து நிற்கும். அதைக் கீழே கொட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் கொட்டினேன். நான் சேரும்போது அலை வந்து மோதிய சுண்ணாம்புப் பாறை, நான் போகும்போது கடலிலிருந்து இருநூறு கஜம் உள்ளே தள்ளி நின்றது. நடுவில் இருந்த கறுப்பு நிலம் முழுக்க என் கையால் வந்தது. ஒரு மனிதன் கடலைப் பின்னால் தள்ளியிருக்கிறான் என்றால் சும்மாவா? ஆனால் தொழிலாளர் கிளப்புக்குள் நான் நுழைந்தால் கரி வெட்டுகிறவர்கள் சொல்வது இதுதான்: "வந்துட்டாருடா, கடலுக்குச் சோறு ஊட்டுற ஆயா."

ரால்ஃப் அப்படிச் சொன்னதில்லை. சொல்கிறவர்களை அதட்டுவான். அது இன்னும் மோசம்.

என் மனைவி எட்னா, என்னைக் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கோடைகாலம் ரால்ஃபோடு நடனத்துக்குப் போனவள். அவன் வேறொருத்தியைக் கட்டினான், அதனால் இவள் எனக்குக் கிடைத்தாள். அவன் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. பழைய கதையை ஊர் மறந்துவிட்டது, எட்னாவும் மறந்துவிட்டதாகத்தான் சொல்கிறாள். நான் மறக்கவில்லை. எனக்கு அது தினமும் காலையில் டீயோடு வரும்.

இப்போது என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்து நான்கு மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருஷம் நடந்தது. ரால்ஃப் மறியலில் முன்வரிசை. இரண்டு தடவை போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள், இரண்டு தடவையும் ஊரே போய் மாலை போடாத குறையாக அழைத்துவந்தது. எட்னா ஊர்க் கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தாள். தினமும் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. ரால்ஃப் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று ஏதாவது சொல்வான், அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். நானும் மறியலுக்கு வருகிறேன் என்றேன். "முட்டி சரியில்லாதவன் ஓட முடியாது மாப்ள. நீ வீட்ல இரு, நாங்க பாத்துக்குறோம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

பதினொரு மாதம் கழிந்து, எண்பத்தைந்து பிப்ரவரியில், நான் தோட்டத்தில் லீக் வெங்காயப் பாத்திக்குக் கொத்திக்கொண்டிருந்தேன். சுரங்கத்தின் துணை மேலாளர் வேலியோரமாக வந்து நின்றார். கழிவுத் தொட்டியில் நூறு டன் அப்படியே கிடக்கிறதாம். உறைபனி விழுந்தால் உள்ளே இருக்கிற ஈரம் உறைந்து தொட்டி பிளந்துவிடுமாம். மூன்று காலை வந்து காலி செய்துவிட்டுப் போ என்றார்.

"ஸ்டிரைக் நடக்குது சார்" என்றேன்.

"தெரியும். ஆனா அந்த பெல்ட்டு உன் கைக்குத்தான் ஓடும் லென் ஹெப்பிள். உன்ன விட்டா வேற ஆளே கிடையாது."

அவ்வளவுதான் சொன்னார். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒரு பைசா கூலி வாங்கவில்லை. ஓடைப்பக்கம் வேலி கிழிந்த இடத்தில் நுழைந்து, கடல்பனி மூடியிருந்த மூன்று காலைகளில் அந்த பெல்ட்டை ஓட்டினேன். என் கைக்கு அது ஓடியபோது, கூடத்தில் உருளைக்கிழங்கு உரிப்பவளும் கதவில் சாய்ந்து நிற்பவனும் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. மூன்றாம் நாள் பனி கொஞ்சம் விலகியது. கீழே, அலை கரையில் ஒதுக்குகிற கடல்கரியைப் பொறுக்க வந்த ஒரு ஆள், சல்லடையும் சைக்கிளுமாக நின்று மேலே பார்த்தான். முகம் தெரியவில்லை. மறுபடி பனி மூடிக்கொண்டது.

என்னைப் பார்த்திருந்தால் அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேலைநிறுத்தத்தை உடைத்துப் போனவனுக்கு எங்கள் ஊரில் கருங்காலி என்று பெயர். அது அவனோடு கல்லறைவரை வரும். பெர்சி வாட் நாலே நாள் வேலைக்குப் போனான். இருபது வருஷமாகியும் அவன் எதிரே வந்தால் ஜனங்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். அவன் அம்மா செத்தபோது பெட்டி தூக்க ஆறு ஆள் கிடைக்கவில்லை. நானும் அவனுக்கு முதுகைக் காட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அகலமாகவே காட்டினேன்.

தொண்ணூற்று மூன்றில் சுரங்கத்தை மூடினார்கள். கொட்டுவது நின்ற நாளிலிருந்து கடல் தன் நிலத்தைத் திருப்பி எடுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு குளிர்காலமும் ஏழெட்டு கஜம் தின்னும். தின்ற இடத்தில் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர்போல ஒரு வெட்டுமுகம் நின்றது. அதில் நான் கொட்டியதெல்லாம் வரிவரியாகத் தெரியும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் பார்ப்பேன். என் இருபத்திரண்டு வருஷமல்லவா.

போன வருஷம் ஏப்ரலில் ஹிலரி என்ற பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். மண்ணடுக்கு, பாறையடுக்கு படிக்கிறவள். முப்பது வயதுகூட இருக்காது. கரையில் கொட்டிய கழிவின் அடுக்குகளைப் பற்றித் தெரிந்தவர்கள் உதவ வேண்டும், கரைமேட்டில் படத்தோடு ஒரு போர்டு வைக்கப்போகிறோம், உதவியவர்கள் பெயர் அதில் வரும் என்று கிளப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தாள். படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இது எனக்காகவே வந்த வேலை. திரும்பிக் கிளப்புக்கு வந்தபோது அவள் மேஜையில் ரால்ஃப் உட்கார்ந்திருந்தான். அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா லென், வா! நீயும் கூட வந்தா நல்லாருக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் *கூட* வந்தால்!

வாரம் மூன்று நாள் மூவரும் கரைக்கு இறங்கினோம். அவள் சின்னக் கரண்டியால் வெட்டுமுகத்தைச் சுரண்டுவாள், படம் எடுப்பாள், எழுதுவாள். ரால்ஃப் பேசுவான். நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இது எப்ப கொட்டுனது சார்?"

"இதா? இது எழுபத்தெட்டும்மா" என்றான் ரால்ஃப். "அந்த வருஷந்தான் கீழ புதுக் கரிப் படிவம் ஒண்ணு வெட்ட ஆரம்பிச்சோம். மேல கல்லு சுத்த மோசம். எப்ப தலைல விழும்னு தெரியாது. இந்தா பாரு, கையில தழும்பு."

அவள் தழும்பைப் பார்த்தாள். அந்த அடுக்கில் செங்கல் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்தன.

"அது எழுபத்தாறு" என்றேன். "கரியச் சுடுற கோக் அடுப்ப இடிச்சப்ப வந்த செங்கல்லு. நான்தான் கொட்டுனேன்."

"அப்படியா!" என்று அவள் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "லென் சார், அந்தக் கோல கொஞ்சம் நேரா பிடிக்கிறீங்களா?" என்றாள்.

எழுபத்தொன்பதில் கரி கழுவுகிற ஆலை மாறியதும் கழிவு கூழாக வந்தது, அதுதான் அந்தப் பிசுபிசுத்த கறுப்பு. எண்பத்தொன்றில் பழைய கழிவுமேட்டில் தீப்பிடித்து எரிந்த கல்லைக் கொட்டினோம், அது சிவப்பு. கந்தக நாற்றத்தோடு மஞ்சள் பூத்திருப்பது எதனால் என்றுகூட எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான்தான் சொன்னேன். ஆனால் நான் சொன்னால் அது தகவல். ரால்ஃப் சொன்னால் அது கதை. அவள் நோட்டில் என் தகவல்களும் முகத்தில் அவன் கதைகளும் பதிந்தன.

வீட்டிலும் விடிவில்லை. எட்னா மூவருக்கும் ரொட்டியில் பன்றி இறைச்சியும் பட்டாணிக் கூழும் வைத்துக் கட்டித் தருவாள்.

"இது ரால்ஃபுக்கு. கடுகு கொஞ்சம் தூக்கலா வெச்சிருக்கேன்."

"நாப்பது வருஷம் முன்னாடி அவனுக்குப் பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கா?"

"ஏன்யா, கடுகுக்குமா பொறாம? ஒனக்கும் வெக்கவா?"

"எனக்குக் கடுகு ஆவாது."

"அப்ப கம்முனு எடுத்துட்டுப் போ."

ஜூன் மாதம் ஒரு புயலுக்குப் பிறகு வெட்டுமுகத்தின் தென்பகுதி புதிதாக இடிந்து விழுந்தது. ஹிலரி அதைப் பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினாள். மேலும் கறுப்பு, கீழும் கறுப்பு. நடுவில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் கூழாங்கல்லும் மணலும் உடைந்த சிப்பியும் சுத்தமாகப் படிந்திருந்தன.

"இங்க கடல் மட்டும்தான் வேல பாத்திருக்கு. மனுஷன் கைய எடுத்துட்டான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இங்க எதுவுமே கொட்டல!"

ரால்ஃப் தொப்பியைக் கழற்றினான்.

"அது எங்க ஸ்டிரைக்கும்மா" என்றான்.

நாங்கள் பட்டினி கிடந்த வருஷத்தைக் கடல் சிப்பியால் எழுதி வைத்திருக்கிறது. என் கண்ணிலும் நீர் வந்தது, மறைப்பானேன். ஆனால் அந்த நீர் பாதியில் காய்ந்துபோனது. கூழாங்கல் அடுக்குக்குள்ளேயே, மேல்பகுதியில், துரு நிறத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இன்னொரு வரி இருந்தது. அதன்மேல் மறுபடி கொஞ்சம் கூழாங்கல். அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்ப இது என்ன? கொட்டாத வருஷத்துல இது எப்படி வந்துச்சு?"

பதினொரு மாதம் தொட்டிக்குள் ஈரத்தில் கிடந்து துருவேறிய என் நூறு டன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், இருபது வருஷம் கழித்துக் கடல் சோற்றை வழித்துக் காட்டுகிறது.

"அது சரிவும்மா" என்றான் ரால்ஃப். "மேட்டு மேல பழைய குப்ப கொஞ்சம் கெடந்துச்சு. அந்தக் குளிர்ல பனி உருகுனப்ப சரிஞ்சு எறங்குச்சு. நான் கரி பொறுக்க வந்தப்ப என் கண்ணால பாத்தேன்."

"வெளில கெடந்து துருப்பிடிச்சிருக்கு! அதான் இந்த நெறம்!" அவள் எழுதினாள்.

ரால்ஃப் என் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒரு சிப்பியை எடுத்துப் பார்த்தான்.

அன்று இரவு செத்தவன்போலத் தூங்கினேன். முட்டாள் ரால்ஃப், எதைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பான், அவன் வாய்க்கொழுப்பு என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன். ஒரு வாரம் அந்த நிம்மதி இருந்தது. இரண்டாம் வாரம் அது புளிக்க ஆரம்பித்தது. மேட்டின்மேல் குப்பையே கிடையாது. கரைமேட்டில் என்ன கிடந்தது, என்ன கிடக்கவில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு பொய்யைச் சொல்லி அறிவாளிப் பட்டம் வாங்குகிறான், நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வாயை மூடு லென், வாயை மூடு என்று தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தை பிசகினால் பெர்சி வாட் கதிதான். கோடை முழுக்க மூடியிருந்தேன். வயிறு எரிந்து நெஞ்சுக்கு வந்தது, மருத்துவர் வெள்ளை மருந்து கொடுத்தார்.

செப்டம்பரில் ஊரார் வளர்த்த லீக் வெங்காயக் கண்காட்சி முடிந்த மறுநாள் மாலை, கிளப்பில் ஹிலரி எங்களுக்கெல்லாம் தன் வேலையை விளக்கினாள். கூடம் நிறைந்திருந்தது. என் லீக்குக்கு நாலாம் பரிசு. முதல் பரிசு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எட்னா முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் மூன்றாவது பீரோடு பக்கத்தில்.

திரையில் என் வெட்டுமுகம் வீட்டுச் சுவர் அளவுக்கு நின்றது. ஒவ்வோர் அடுக்காகக் குச்சியால் காட்டினாள். வேலைநிறுத்த அடுக்கைக் காட்டியதும் கூடம் எழுந்து நின்றது. கிழவர்கள் அழுதார்கள். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

"நடுவுல தெரியுற இந்தத் துரு அடுக்கு ஒரு புதிராத்தான் இருந்துச்சு. ரால்ஃப் சார் நேர்ல பாத்ததால தீர்ந்தது. அதனால இதுக்கு ‘சார்ல்டன் சரிவு’ன்னு பேர் வெச்சிருக்கோம். போர்டுல அந்தப் பேர்தான் வரும்."

மறுபடி கைதட்டல். எட்னா தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவள் கண் பளபளத்தது. அந்தப் பளபளப்பை எனக்காக நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரால்ஃப் பேரு போர்டுல வரப்போவுதுய்யா!"

என் அடுக்கு. என் நூறு டன். என்னை விட்டால் வேறு ஆளே கிடையாது என்று சொன்ன ஒரே வேலை. அதிலும் அவன் பெயர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"அது சரிவு இல்ல!"

கூடம் திரும்பியது.

"மேட்டு மேல குப்பையே கெடையாது. யாரக் கேட்டு எழுதுறீங்க? அது பெல்ட்டுல வந்தது. தொட்டில பதினோரு மாசம் ஊறுன கழிவு, அதான் துரு. தெக்க தடியா இருக்கும், வடக்க போகப் போக மெலிசாகும், போய் அளந்து பாருங்க. ஏன்னா பெல்ட்டு மூக்க நான் எப்பவும் தெக்கதான் திருப்பி வெப்பேன். நூறு டன்னு. மூணு காலைல..."

அங்கே பேச்சை நிறுத்தினேன். ஆனால் அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஹிலரி ஒருத்தி மட்டும் முகம் மலர்ந்து, "அதான் தடிமன் மாறுதா! நான் அளந்தேன், அப்படித்தான் இருந்துச்சு!" என்றாள்.

"எந்த மூணு காலைல, லென்?" கிளப் செயலாளர் ஜாக் ஸ்டோரி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அட, விடு ஜாக்!" ரால்ஃப் எழுந்து சிரித்தபடியே கையை வீசினான். "எண்பத்தாறச் சொல்றான். தொட்டி அப்ப ஒரு தடவ அடைச்சுக்கிச்சுல்ல, அதையும் இதையும் போட்டுக் கொழப்பிக்கிட்டான். மூணு பீர் உள்ள போயிருக்கு. நாலாம் பரிசு வேற. லென், உக்காரு மாப்ள."

சிலர் சிரித்தார்கள். கூடம் முழுக்க நம்பத் தயாராக இருந்தது. ரால்ஃப் சொன்னால் நம்புவார்கள். அவன் என்னைப் பார்த்தான், சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘கரி பொறுக்க வந்தப்ப என் கண்ணால பாத்தேன்’ என்று ஜூனில் சொன்னானே. சல்லடை, சைக்கிள், மேலே பார்த்த முகம். அவனுக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஜூன் மாதம் அவன் அளந்ததெல்லாம் கதை இல்லை, என்மேல் போர்த்திய போர்வை.

ஆமாம், எண்பத்தாறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் நான் கிளப்பில் பீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவன் கண்ணில் இரக்கம் இருந்தது. இருபது வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கே இருந்திருக்கிறது. நாற்காலி இழுத்துப் போட்டபோது, மாப்ள என்று கூப்பிட்டபோது, கடுகு ரொட்டியைத் தின்றபோது. வேலைநிறுத்தத்தில் அவன் வீரன், அதற்குப் பிறகு என்னை மன்னித்த மகானும் அவனேதான். எனக்கென்று எதை விட்டுவைத்தான்?

"நான் ஒண்ணும் கொழம்பல" என்றேன். "எண்பத்தஞ்சு பிப்ரவரி. ஸ்டிரைக் அப்ப. நான்தான் ஓட்டுனேன். அவனுக்கும் தெரியும், அவன் பொய் சொல்றான். அது என் அடுக்கு."

முதலில் ஜாக் ஸ்டோரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். நாற்காலிக் கால்கள் தரையில் இழுபடும் சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பரிமாறுகிறவன் வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கினான். மிச்சத்தைக் கொட்டவில்லை, கழுவவும் இல்லை, பீரோடு அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டான். என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றவன் ரால்ஃப் ஒருவன்தான்.

எட்னா வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். ஏன் போனாய் என்று கேட்பாள், கத்துவாள், தட்டை உடைப்பாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"ரால்ஃபுக்கு அன்னைலருந்தே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"இருவது வருஷமா?"

"ஆமா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்யா அவன். எப்படித்தான் மனசுக்குள்ளயே வெச்சிருந்தானோ. எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல பாரேன்."

"நான் என்னத்துக்குப் போனேன்னு கேக்க மாட்டியா?"

"அதான் சொன்னியே, ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி. ஒன் அடுக்குன்னு." எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "வெச்சுக்கோ. நான் போயி அவனப் பாத்துட்டு வரேன். ஒரு நன்றியாவது சொல்லணும்ல."

கதவு சாத்தியது. நாயும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

ஹிலரி கடிதம் எழுதினாள். வருத்தம் தெரிவித்தாள், விஞ்ஞானத்துக்கு நான் செய்த உதவிக்கு நன்றியும் தெரிவித்தாள். உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தாள். போடு என்று பதில் எழுதினேன். நவம்பரில் கரைமேட்டில் பச்சை மரப் போர்டு நட்டார்கள். படத்தில் துரு நிறத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ‘ஹெப்பிள் அடுக்கு, பிப்ரவரி 1985’ என்று இருக்கிறது. ரால்ஃப் பெயர் கடைசியில், உதவியவர்கள் வரிசையில், பொடி எழுத்தில். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் அவன் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். என்னோடு வர யாரும் இல்லை.

மூன்றாம் நாளே யாரோ ஆணியால் என் பெயருக்குக் கீழே கருங்காலி என்று கீறிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் பூசி மறைத்திருந்தது. மறுபடி கீறினார்கள். மறுபடி பெயின்ட். குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. பிப்ரவரியில் வடகிழக்குப் புயல் மூன்று நாள் அடித்தது. கடல் பத்து கஜம் தின்றது, துரு வரியும் அதோடு போய்விட்டது. இறங்கிப் போய்த் தேடினேன், ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. ஒரே ஒரு குளிர்காலம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடலே எல்லாவற்றையும் தின்று முடித்திருக்கும். இப்போது அந்த அடுக்கு போர்டில் மட்டும்தான் இருக்கிறது.

பெயின்ட் பூசுவது யாரென்று தெரிந்துகொள்ள மார்ச்சில் ஒருநாள் விடியற்காலை முள்வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். ஏழு மணிக்கு ரால்ஃப் வந்தான், கையில் தூரிகை. கூட எட்னா, கையில் பெயின்ட் டப்பா. என்னிடம் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். அவன் முட்டி போட்டு உட்கார்ந்து என் பெயருக்குக் கீழே கவனமாகப் பூசினான், பெயரின்மேல் ஒரு சொட்டும் படவில்லை. அவள் டப்பாவை அவன் கைக்கு எட்டும்படி நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஏதோ சொன்னான். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்காகத்தான் செய்கிறார்கள், தெரியும். நல்லவர்கள். இந்த ஊரில் எனக்காக எதையாவது செய்கிறவர்கள் அந்த இரண்டு பேர்தான். அவர்கள் போகும்வரை வேலிக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் விடியும் முன்பே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். பெயின்ட் இன்னும் காயவில்லை. என் பெயருக்குக் கீழே அந்த வார்த்தையை நானே வெட்டினேன், எழுத்து எழுத்தாக, எத்தனை பெயின்ட் பூசினாலும் மூடாத ஆழத்துக்கு.